பனியைக் கிழிக்கிற லைட்டு

வெளிச்சம் தேடிக் குருவிடம் போனவர்களைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. எதற்காகத் தேடினார்கள் என்பது அவரவர் பாடு. தவசியப்பன் தேடியது தன் ஜீப்புக்கு.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது. வத்தலக்குண்டிலிருந்து மேலே மஞ்சம்பாறை வரைக்கும் முப்பது வருஷமாக ஜீப் ஓட்டியவர். மிளகு மூட்டை, வாழைத்தார், கல்யாணப் பெண், பிரசவ வலி என்று அந்த ஜீப்பில் ஏறாதது எதுவும் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டே திருப்புவார் என்று மலையில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்டால் அவர் மீசையைத் தடவிக்கொள்வார்.

குருவின் பெயர் ஜெசிந்தா. முப்பத்து மூன்று வயது. மலைச்சாலை தொடங்குகிற இடத்தில் வண்டிகளுக்கு மின்சார வேலை பார்க்கும் கடை வைத்திருந்தாள். கைவேகத்துக்குப் பெயர் போனவள். வாய் மட்டும் கொஞ்சம் மெதுவாகத்தான் திறக்கும்.

முதல் தடவை அவர் போனபோது சிஷ்யனாகப் போகவில்லை. வாடிக்கையாளராகத்தான் போனார்.

"தாயி, இந்த வருஷம் மலையில பனி ஜாஸ்தி. ரோடே தெரிய மாட்டேங்குது. பனியைக் கிழிக்கிற மாதிரி ஒரு லைட்டுப் போடு."

"இப்போ இருக்கிற லைட்டு நல்லாத்தானே இருக்கு, அண்ணே?"

"அது வண்டியோட வந்த பல்பு. அகல் விளக்கு மாதிரி எரியுது."

ஜெசிந்தா பழைய பல்புகள் இரண்டையும் கழற்றிவிட்டு, வெள்ளை வெளேரென்று எரிகிற எல்இடி பல்புகளைப் போட்டாள். கழற்றிய பல்புகளைச் செய்தித்தாளில் சுற்றினாள்.

"அதை எதுக்குச் சுத்துற? தூக்கிப் போடு தாயி" என்றார் தவசியப்பன்.

அவள் அதை ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தாள்.

சில நாளில் அவர் திரும்பி வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"இது வேலைக்காகலை தாயி. வெளிச்சம் நிறைய இருக்கு. ஆனா எதுக்க வெள்ளைச் சுவர் கட்டின மாதிரி நிக்குது. பனி முன்னைக்கும் மேல தெரியுது."

"வெள்ளை வெளிச்சம் பனியில பட்டுத் திரும்பி நம்ம மேலயேதான் விழும், அண்ணே."

"அப்போ மஞ்சளாப் போடு."

பம்பருக்குக் கீழே இரண்டு மஞ்சள் லைட்டு போட்டாள். அவர் சந்தோஷமாகப் போனார். அந்தச் சந்தோஷம் இரண்டாவது வளைவு வரைக்கும்தான் தாங்கியது. கைப்பிடிச் சுவரில் ஜீப்பின் விலாவை உரசிக்கொண்டு வந்து கடை முன்னால் நிறுத்தினார். உரசியதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"தாயி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளுங்க."

"இந்த லைட்டு வேலையை எனக்குக் கத்துக் குடு. எந்த லைட்டு பனியைக் கிழிக்கும்னு நானே கண்டுபிடிச்சுக்கறேன். ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள எனக்கு அது தெரிஞ்சாகணும்."

காரணம் இருந்தது. மஞ்சம்பாறைக்கு அப்பால் சின்னச் சின்னதாகக் குடியிருப்புகள். அங்கிருந்து பள்ளிக்கூடம் வரும் பிள்ளைகள் காட்டுமாடு திரிகிற தடத்தில்தான் நடந்து வரவேண்டும். அதற்குப் பயந்தே வயசுக்கு வந்த பெண் பிள்ளைகளைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் ஜீப் ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். யார் ஓட்டுவது என்று கேட்டபோது அம்மாமார்கள் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். தவசி அண்ணன் ஓட்டினால் அனுப்புகிறோம், வேறு யாரானாலும் யோசிக்க வேண்டும் என்று.

காலையில் வெயில் வந்துவிடும், கவலை இல்லை. சாயங்காலம் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போதுதான் பனி.

"கத்துக் குடுக்கிறேன். ஆனா கடையில நான் சொல்றதைத்தான் கேக்கணும்" என்றாள் ஜெசிந்தா.

"சரி, மேஸ்திரி" என்றார்.

அன்றைக்குத்தான் தாயி மேஸ்திரியானாள். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு. மீசை நரைத்த மனுஷன், மகள் வயசுப் பெண்ணை மேஸ்திரி மேஸ்திரி என்று கூப்பிட்டுக்கொண்டு ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பனியை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடையின் பின்சுவருக்கு வெள்ளையடித்து, குறுக்கே கோடு போட்டிருந்தாள். லைட்டு மாற்றிய வண்டியைச் சுவரைப் பார்க்க நிறுத்த வேண்டும். ஒரு லைட்டைச் சாக்கால் மூடிவிட்டு மற்றதை எரியவிட வேண்டும். சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே வந்து நிற்கும்வரை திருகைத் திருப்ப வேண்டும். அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தாள்.

தவசியப்பன் கருத்தாகச் செய்தார். ஆனால் அவர் திருகி முடித்த ஒவ்வொரு வண்டியையும் ஜெசிந்தா போய் மறுபடி திருகினாள். ஒன்றிரண்டு தடவை பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார். அப்புறம் பொறுக்கவில்லை.

"நான் வச்சது தப்பா, மேஸ்திரி?"

"கோட்டுக்கு மேல நிக்குது, அண்ணே."

"மேல நின்னா நல்லதுதானே? தூரம் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். எதுக்க வர்றவருக்கு?"

"அவர் வேணா நின்னு வரட்டும்."

ஜெசிந்தா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திருகைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

மே மாதம் பிறந்தது. தவசியப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. மேஸ்திரியிடம் கேட்டால் திருகு, கோடு, சுவர் என்று இழுப்பாள் என்று நினைத்து, அவளுக்குத் தெரியாமல் மதுரைக்குப் போனார். முழ நீளத்துக்கு ஒரு லைட்டுப் பட்டை வாங்கி வந்தார். வரிசையாகப் பல்புகள் பதித்தது. கற்றுக்கொண்ட வித்தையைக் காட்டி, வீட்டு வாசலில் வைத்துத் தானே அதை ஜீப்பின் நெற்றியில் பொருத்தினார். போட்டுப் பார்த்தால் தெருவே சாமி ஊர்வலம் வந்த மாதிரி இருந்தது. நாய்கள் எழுந்து குரைத்தன. அவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் மஞ்சம்பாறையிலிருந்து இறங்கினார். அதற்கு அடுத்த நாள் காலையில் கடை முன்னால் ஒரு பால் வண்டி வந்து நின்றது. முன்பக்கம் ஒரு கண் இல்லாமல், பம்பர் வளைந்து நின்றது. ஓட்டி வந்த வீரணன் இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினார்.

"எங்கம்மா அந்த மனுஷன்? யோவ் தவசி! நெத்தியில சூரியனைக் கட்டிக்கிட்டா ரோட்டுக்கு வருவே?"

"நீ பிரேக்கு புடிக்க வேண்டியதுதானே?"

"எதைப் பாத்துப் புடிக்க? எனக்குக் கண்ணே போச்சய்யா! ரோடு எங்க, பள்ளம் எங்கன்னு தெரியாம ஒடிச்சேன். சுவர் இருந்துச்சு, பொழைச்சேன். இல்லாட்டி கேனோட கேனாக் கீழ கெடந்திருப்பேன். மேல ஏறுற வண்டிக்கு வழி விடணும்னு உனக்கு யாரு சொல்லித் தரணும்? முப்பது வருஷம் ஓட்டினியே!"

"பனிய்யா. பனியில நீ வர்றது தெரியலை."

வீரணன் கத்துவதை நிறுத்திவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"எது பனி?"

"நேத்து சாயங்காலம் எறங்கின பனி."

"நேத்து எங்கய்யா பனி எறங்குச்சு? அடிவாரத்துல மாடு மேயறது தெரிஞ்சுது."

பொய் சொல்கிறான், வண்டிக்கு நஷ்டம் கேட்கத்தான் இப்படிப் பொய் சொல்கிறான் என்று நினைத்தார் தவசியப்பன். வாய்க்கு வந்தபடி திட்டினார். பனி இல்லை என்றால் வளைவு திரும்பியதும் பால் வண்டி ஏன் தெரியவில்லை? உண்மையில் அவர் அந்த வண்டியைப் பார்க்கவே இல்லை. சுவரில் மோதிய சத்தத்தைத்தான் கேட்டார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரவெல்லாம் அந்தச் சத்தம் காதில் இருந்தது. அந்த இடத்தில் பால் கேன்களுக்குப் பதில் பிள்ளைகள் இருந்திருந்தால் என்று நினைத்து, நினைத்ததையே பாதியில் நிறுத்திக்கொண்டார். பயமாக இருந்தது.

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வீரணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மெய்யாவே பனி இல்லையா?"

"எங்க ஆத்தா சத்தியமா ஒரு பொட்டு இல்லைம்மா."

அவள் தவசியப்பன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க, அண்ணே."

"எதுக்கு?"

"நீங்க போட்ட பட்டைக்கு ஒயர் தாங்காது. வண்டி தீப்பிடிச்சிரும். மொத்த ஒயரிங்கும் பாக்கணும்."

கொடுத்தார். ஜீப் கடைக்குள் போனது. பால் வண்டிக்கு லைட்டு மாற்றிக் கொடுத்தாள். வீரணன் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஜீப் போனது போனதுதான். மற்ற வண்டிகளெல்லாம் வந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. ஜீப் மட்டும் குடல் சரிந்த மாதிரி ஒயர்கள் தொங்கக் கடைக்குள் நின்றது. ஒரு நாள் ரிலே வரவில்லை என்றாள். இன்னொரு நாள் ஹோல்டர் சரியில்லை என்றாள். தவசியப்பனுக்குப் புசுபுசுவென்று கோபம் வந்தது. நம்மை வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள், மதுரையில் லைட்டு வாங்கிய கோபம் என்று நினைத்தார். அவர் நினைத்ததில் பாதி சரி. வேண்டுமென்றேதான் இழுத்தடித்தாள்.

அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மறுநாள் காலை வண்டியைப் பார்க்க ஆள் வருகிறது, தயாராக இருக்கட்டும் என்றார்கள்.

அன்றைக்குக் கத்திரி வெயில். தார் ரோடு செருப்பில் ஒட்டியது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு ஈ காக்கை இல்லை. கடைக்குள் மின்விசிறி சுடுகாற்றைச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தது. ஜெசிந்தா காலையிலேயே அவரிடம் இரண்டு வேலை சொல்லியிருந்தாள். சுவரில் கோடு மங்கிவிட்டது, கரிக்கட்டையால் தடிமனாக இழுங்கள் என்றாள். இழுத்தார். உள்பக்கம் ஒயர் விட வேண்டும், ஜீப்பின் முன்கண்ணாடியை மடக்குங்கள் என்றாள். பழைய ஜீப்புகளில் முன்கண்ணாடியைச் சட்டத்தோடு மடக்கி பானட்டின் மேல் படுக்க வைக்கலாம். அதையும் மடக்கிப் படுக்க வைத்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து அவள் முன்னால் நின்றார்.

"இன்னைக்கு முடிஞ்சாகணும், மேஸ்திரி. நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். பனியைக் கிழிக்கிற லைட்டு எது? உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னா சொல்லிடுங்க, நான் வேற எடம் பாத்துக்கறேன்."

"ஷட்டரை எறக்குங்க, அண்ணே."

"எதுக்கு?"

"லைட்டு வைக்கணும்."

ஷட்டரை இறக்கினார். கடை இருட்டானது. ஜெசிந்தா ஒரு லைட்டின் மேல் சாக்கைப் போட்டாள்.

"இன்னைக்கு நான் திருகுறேன். நீங்க சீட்டுல உக்காந்து சொல்லுங்க."

ஏறி உட்கார்ந்தார். முப்பது வருஷ சீட்டு, உடம்புக்கு ஏற்றபடி குழிந்திருந்தது. ஸ்டீரிங்கைப் பிடித்ததும் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. ஸ்விட்சைத் தட்டினார். சுவரில் வெளிச்சம் விழுந்தது.

"விளிம்பு கோட்டுக்கு மேல நிக்குதா, கீழ நிக்குதா?"

அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க, மேஸ்திரி."

"பொறுமையாச் சொல்லுங்க."

"சரியாத் தெரியலை. கண்ணாடியில பனி படிஞ்சிருக்கு."

சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கண்ணாடியைத் துடைக்கக் கையை நீட்டினார்.

கை போய்க்கொண்டே இருந்தது.

அங்கே கண்ணாடி இல்லை. காலையில் அதை மடக்கிப் படுக்க வைத்ததே அவர்தான். துண்டு காற்றில் ஒரு தடவை இடமும் வலமுமாகப் போய்விட்டு நின்றது.

ஜெசிந்தா திருகைப் பிடித்தபடி குனிந்தே இருந்தாள்.

தவசியப்பன் நீட்டிய கையை மடக்கவில்லை. முதுகில் வியர்வை ஓடுவது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சட்டை நனைந்து சீட்டோடு ஒட்டியிருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கத்திரி வெயிலில், வத்தலக்குண்டில், ஷட்டர் போட்ட கடைக்குள் அவருக்கு எதிரே பனி அசையாமல் நின்றது.

அவர் பேசியபோது குரல் சின்னதாக வந்தது.

"கோடு தெரியலை, மேஸ்திரி."

"ம்."

"காலையில நாந்தானே போட்டேன். தடிமனாத்தான் போட்டேன்."

"ஆமாண்ணே. தடிமனாத்தான் இருக்கு."

"லைட்டைச் சுத்திப் புகை மாதிரி ஒரு வளையம் நிக்குது."

"ரெண்டு கண்ணுலயுமா?"

அவர் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார். கையை மாற்றி மறு கண்ணைப் பொத்திப் பார்த்தார்.

"ரெண்டுலயும்தான்."

ஜெசிந்தா எழுந்து, சாக்கை எடுத்து மடித்து வைத்தாள்.

"கண்ணுல புரை விழுந்திருக்கும், அண்ணே. எங்க அத்தைக்கும் இப்படித்தான், ஊரெல்லாம் புகையடிக்குதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஆஸ்பத்திரியில எடுத்து விட்டாங்க. இப்போ அரிசியில கல்லுப் பொறுக்குறாங்க."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நீங்க வைக்கிற லைட்டெல்லாம் மேல நிக்கும்போது சந்தேகம். வீரணன் வந்தன்னைக்கு உறுதியாத் தெரிஞ்சுது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா வேற கடையில போய் நாலாவது லைட்டைப் போட்டிருப்பீங்க."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். மதுரைக்குப் போய்வந்த பஸ் ஞாபகம் வந்தது.

ஜீப்பில் தொங்கிக்கொண்டிருந்த ஒயர்களைப் பார்த்தார். ஒன்றுகூட அறுந்தது இல்லை. ஒரு இடத்திலும் கருகல் இல்லை. எல்லாம் கழற்றித் தொங்கவிட்டதுதான். இத்தனை நாளும் தன்னை மலைக்கு ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது எது என்று அப்போது புரிந்தது. அவருக்கு அழுகை வந்தது. வியர்வையைத் துடைப்பதுபோல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ பிள்ளைங்க? நான் ஓட்டலைன்னா அனுப்ப மாட்டாங்களே, மேஸ்திரி. பொம்பளைப் பிள்ளைங்களை நிறுத்திப்புடுவாங்க."

"உங்களுக்குக் கண்ணு தெளியுற வரைக்கும் இந்த ஜீப்பை வீரணன் ஓட்டுறாராம். பால் வண்டியைத் தம்பிகிட்ட விட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டார். நாளைக்கு ஆள் பாக்க வர்றதுக்குள்ள ஒயரை மாட்டிடறேன்."

"வீரணனா? அந்தப் பேச்சுப் பேசினான்!"

"அவர் தங்கச்சி மக அந்தப் பள்ளிக்கூடத்துலதான் ஒம்பதாவது போறா. அம்மாமார்கிட்ட மட்டும் நீங்க ஒரு வார்த்தை சொல்லணுமாம். தவசி சொன்னா கேப்பாங்கன்னு அவரேதான் சொன்னார்."

தவசியப்பன் சாவியை உருவி அவளிடம் நீட்டினார். இந்தத் தடவை எதற்கு என்று கேட்கவில்லை.

ஜெசிந்தா ஷட்டரை உயர்த்தினாள். வெயில் உள்ளே வந்து விழுந்தது. அவர் கண் கூசி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு இறங்கினார். வாசல் வரை போய்விட்டு நின்றார். என்ன இருந்தாலும் சிஷ்யன், வந்த காரியத்தைக் கேட்காமல் போக மனசு வரவில்லை.

"ஆபரேஷன் முடிஞ்சு வந்துடறேன், மேஸ்திரி. அப்புறம் வண்டிக்கு எந்த லைட்டுப் போடலாம்?"

ஜெசிந்தா அலமாரியிலிருந்து பால்பவுடர் டப்பாவை இறக்கினாள். செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து, மேலே படிந்த தூசியை ஊதினாள்.

"வண்டியோட வந்த பல்பு ரெண்டும் இங்கேதான் இருக்கு, அண்ணே."